இருநிறப் பிளென்னி வளர்ப்பு

இருநிறப் பிளென்னி என்பது இந்திய-பசிபிக் பெருங்கடல் பகுதியின் பவளத்திட்டுகளில் வாழும் ஒரு சிறு மீன் ஆகும். இதன் அறிவியல் பெயர் எக்செனியஸ் பைகலர். உடலின் முன்பாதி கருநீலமாகவோ கரும்பழுப்பாகவோ இருக்க, பின்பாதி செம்மஞ்சள் நிறத்தில் இருப்பதால் இப்பெயர் பெற்றது. மேற்கே மாலத்தீவு முதல் கிழக்கே பீனிக்ஸ் தீவுகள் வரையிலும், வடக்கே ரியூக்யூ தீவுகள், தெற்கே ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வரையிலும் காணப்படுகிறது. முழு வளர்ச்சியில் 11 செ.மீ. வரை நீளும். சிறிய உருவம், பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும் பழக்கம், பாசியைச் சுரண்டித் தின்னும் இயல்பு ஆகியவற்றால் கடல்நீர் மீன் தொட்டி வைத்திருப்போர் இதைப் பெரிதும் விரும்புகின்றனர்.

"தொடக்கநிலையாளருக்கு ஏற்ற மீன்" என்று இதைக் கடைகளில் சொல்லி விற்பதுண்டு. அது பாதி உண்மை. நீரின் தன்மையில் ஏற்படும் சிறு மாற்றங்களை இம்மீன் தாங்கும். நோய்களும் பிற கடல் மீன்களுக்கு வருவதைவிட அதிகமாக வருவதில்லை. ஆனால் புதிதாக அமைத்த, துடைத்து வைத்த கண்ணாடிபோல் சுத்தமான தொட்டியில் இது மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும். வளர்ப்பவர் நாள்தோறும் உணவு போட்டுக்கொண்டிருக்கும்போதே இது நிகழ்கிறது என்பதால் காரணம் பலருக்கும் தெரிவதில்லை.

பெயரும் வகைப்பாடும்

பிளென்னி என்ற சொல் சளி அல்லது வழுவழுப்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இக்குடும்பத்து மீன்களின் உடலில் செதில்கள் இல்லை. அதற்கு மாற்றாக வழுக்கும் சளிப்படலம் உடலைப் போர்த்தியுள்ளது. மருந்து கொடுக்கும்போது இந்தச் சளிப்படலத்தை நினைவில் கொள்ள வேண்டும். பிளென்னிகளின் குடும்பத்தில் ஏறத்தாழ 400 இனங்கள் உள்ளன. தாடையில் சீப்பின் பற்களைப்போல் நெருக்கமாக ஒரே வரிசையில் பற்கள் அமைந்திருப்பதால் இவை சீப்புப்பல் பிளென்னிகள் எனப்படுகின்றன.

இருநிறப் பிளென்னியை அறிவியல் உலகுக்கு 1888 ஆம் ஆண்டு விவரித்தவர் பிரான்சிஸ் டே. இவர் சென்னை மாகாணப் படையில் மருத்துவராக 1852 இல் பணியில் சேர்ந்து, பின்னர் இந்தியாவின் மீன்வளத் துறைத் தலைமை ஆய்வாளராக உயர்ந்தவர். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த "இந்திய மீன்கள்" என்ற இவரது நூல், இன்றும் தென்னிந்திய மீன்களைப் பற்றிப் படிப்போர் புரட்டிப் பார்க்கும் நூலாகும். அந்நூலுக்கு 1888 இல் வந்த பின்னிணைப்பிலேயே இம்மீன் இடம்பெற்றது.

வாழும் முறை

பெரும்பாலான எலும்பு மீன்களின் உடலினுள் காற்றுப்பை ஒன்று உண்டு; அதனால் அவை நீரின் நடுவே மிதந்து நிற்கின்றன. வளர்ந்த பிளென்னிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காற்றுப்பை இல்லை. நீந்துவதை நிறுத்தினால் அடியில் போய் அமர்ந்துவிடும். எனவே இவை துள்ளித் துள்ளி ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். தாவிய இடத்தில் வயிற்றுத் துடுப்புகளை முட்டுக்கொடுத்து உட்காரும். இரு கண்களும் தனித்தனியே சுழலும். வளர்ப்போர் இம்மீனிடம் ஒருவித "குணம்" இருப்பதாகச் சொல்வதற்கு அந்தக் கண்களும், தலையில் முளைத்த சிறு இழைகளும், பொந்தின் வாயில் நின்று ஆட்களை உற்றுப் பார்ப்பதும்தான் காரணம்.

பொந்துக்குள் இம்மீன் வாலை முன்னே விட்டுப் பின்னோக்கி நுழைகிறது. உடல் முழுவதும் உள்ளே மறைந்து தலை மட்டும் வெளியே தெரியும். ஆபத்து என்றால் ஒரு நொடியில் தலையும் மறையும். பவளப் பாறையில் புழுக்களும் சிப்பிகளும் துளைத்துவிட்டுப் போன குழிகளே இதற்கு வீடு. தொட்டியிலும் இதே ஏற்பாடு தேவை. உடல் பருமனுக்குச் சற்றே அகலமான துளைகள் பல இருக்க வேண்டும். அகன்ற குகை ஒன்றை அமைத்துக் கொடுத்தால் அதைப் பெரும்பாலும் இம்மீன் பொருட்படுத்தாது. பாறைகளுக்கிடையே சிறு குழாய்த் துண்டுகளைச் செருகி வைத்தால், அழகான பாறையை விட்டுவிட்டு அந்தக் குழாயிலேயே குடியேறுவதும் உண்டு.

நிறத்திலும் வேறுபாடுகள் உள்ளன. முழுவதும் கரும்பழுப்பாக உள்ளவையும், மேல்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி வெண்மையாகவும் உள்ளவையும் இதே இனத்தைச் சேர்ந்தவையே. அச்சமுற்றால் நிறம் வெளுக்கும், இரவிலும் மங்கும். வாங்கி வந்த அன்று வெளுத்திருப்பது பெரிய செய்தியல்ல. ஒரு வாரம் கழித்தும் வெளுத்தே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உணவும் பட்டினியும்

இம்மீன் பாசியைத் தின்னும் என்று சொல்வது நடைமுறைக்குப் போதுமானதுதான். ஆனால் உண்மை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இவ்வகைப் பிளென்னிகளின் இரைப்பையை ஆராய்ந்தபோது, உள்ளே இருந்ததில் பெரும்பகுதி பாசியன்று, மட்கு எனத் தெரியவந்தது. பாறைமேல் படர்ந்த குட்டையான இழைப்பாசி ஒரு வடிகட்டிபோல் வேலை செய்கிறது. நீரிலிருந்து விழும் மீன் கழிவு, இறந்த நுண்ணுயிர்கள், பவளங்கள் விடும் சளி எல்லாம் அதில் சிக்கித் தங்குகின்றன. அதில் பாக்டீரியாக்களும் டயாட்டம்களும் வளர்கின்றன. சீப்புப் பற்களால் பிளென்னி சுரண்டி எடுப்பது இந்தக் கலவையைத்தான். பச்சைப் பாசியின் இழை அதனுடன் சேர்ந்து வருகிறது.

இதிலிருந்து வளர்ப்பவருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுண்டு. தொட்டியில் நீளமான பச்சைப் பாசி மண்டிவிட்டது, இம்மீனை விட்டால் தின்று தீர்த்துவிடும் என்று எண்ணி வாங்குவது வீண். நீண்டு முற்றிய பாசியை இது பெரும்பாலும் தொடுவதில்லை. கண்ணாடியிலும் பாறையிலும் படியும் மெல்லிய படலத்தையே விரும்பும். கண்ணாடியில் முத்தமிட்டதுபோல் சிறு சிறு வாய்த்தடங்கள் தெரிந்தால் மீன் மேய்ந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம். அந்தத் தடங்களுக்காகவே முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்து, பக்கவாட்டுக் கண்ணாடிகளைத் துடைக்காமல் விடுவது நல்ல வழக்கம்.

தொட்டி அமைத்து ஆறு மாதமாவது ஆகியிருந்தால் பாறைகளில் இந்தப் படலம் முதிர்ந்திருக்கும். அப்படியும் அது மட்டும் போதாது. கடலில் ஒரு மீனுக்குக் கிடைக்கும் மேய்ச்சல் பரப்பை 100 லிட்டர் தொட்டி ஒருபோதும் தராது. உப்பும் எண்ணெயும் சேராத உலர்ந்த நோரிக் கடற்பாசித் தாளைக் கவ்வியில் மாட்டித் தொங்கவிடலாம். ஸ்பைருலினா கலந்த குருணை அல்லது செதில் உணவு கொடுக்கலாம். உறைய வைத்த மைசிஸ் இறாலையும் பெரும்பாலான பிளென்னிகள் சில நாட்களில் பழகிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒருமுறை மொத்தமாகப் போடுவதைவிட, இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாகப் போடுவதே நல்லது. இது நாள் முழுதும் கொறிக்கும் மீன்.

பட்டினியை அறிய வயிற்றைப் பார்க்க வேண்டும். நன்கு உண்ணும் பிளென்னியின் வயிறு பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் சற்றே உருண்டிருக்கும். உண்ணாத மீனின் வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னுள்ள முதுகுச் சதை வற்றி, தலை மட்டும் பெரிதாகத் தெரியும். பொந்திலேயே உடலை மறைத்து வாழும் மீன் என்பதால் இந்த மாற்றம் கண்ணில் படுவதற்குள் பல வாரங்கள் கடந்துவிடுகின்றன. முதுகுச் சதை வற்றிய நிலையிலிருந்து மீளும் மீன்கள் குறைவு. எனவே உணவு வேளையில் மீன் பொந்தைவிட்டு முழுதாக வெளியே வருகிறதா என்று வாரம் ஒருமுறையாவது கவனிக்க வேண்டும். பசித்த பிளென்னி பவளங்களின் மொட்டுகளையும், பெருஞ்சிப்பிகளின் மென்தசையையும் கடிக்கத் தொடங்கும். இதைக் "கெட்ட பழக்கம்" என்று சொல்லி மீனை வெளியேற்றுவோர் உண்டு. உணவைக் கூட்டிப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வரலாம்.

தொட்டியும் நீரும்

ஒரு மீனுக்குக் குறைந்தது 115 லிட்டர் கொள்ளளவு வேண்டும் என்பது பொதுவான அளவு. வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியஸ், ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025, பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருக்கலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும்.

கடைசி வரிதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பாறைகளிலும் வடிகட்டியிலும் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடக் கூடாது. பிளென்னிக்கோ அதற்குப் பிறகும் பாசிப்படலம் முதிரும் வரை காத்திருக்க வேண்டும். தொட்டியில் முதலில் விடும் மீனாக இது இருக்கக் கூடாது; கடைசியாக விடும் மீன்களில் ஒன்றாக இருப்பதே பொருத்தம்.

சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் முதலியன சேர்ந்த கடலுப்புக் கலவை தனியாக விற்கப்படுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் 115 லிட்டருக்கு 4 கிலோ தேவைப்படும். குழாய்த் தண்ணீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் குளோரின், நைட்ரேட்டு, பாஸ்பேட்டு, சிலிக்கேட்டு ஆகியவை கலந்திருக்கலாம் என்பதால் ஆர்.ஓ. முறையில் வடித்த நீரையே பயன்படுத்துகின்றனர். கடற்கரையில் மொண்டு வந்த நீர் இலவசம்தான். ஆனால் கரையோர நீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும், அதிலுள்ள மிதவை உயிரிகள் வாளியிலேயே இறந்து அழுகும்.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. இதைப் புதியவர்கள் மறந்துவிடுகின்றனர். 115 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் வீதம் ஐந்து நாள் ஆவியாக விட்டால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 38 கிராமைத் தாண்டிவிடும். எனவே குறைந்த அளவை நல்ல நீரால் நாள்தோறும் நிரப்ப வேண்டும்; உப்புநீரால் நிரப்பக் கூடாது. உப்புநீர் ஊற்றுவது வாராவாரம் பழைய நீரில் ஒரு பங்கை வெளியேற்றி மாற்றும்போது மட்டுமே.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வளர்ப்பு நூல்கள் தொட்டியைச் சூடாக்கும் கருவியைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிக்கல் நேர் எதிரானது. சென்னையின் மே மாத வீட்டில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டுவது எளிது. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. மீனுக்கோ ஆக்சிஜன் தேவை கூடுகிறது. நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியை வீசவிட்டால் ஆவியாதலால் வெப்பம் குறையும். ஆனால் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரப்பதம் மிகுந்திருப்பதால் இதன் பயன் உள்நாட்டு ஊர்களில் கிடைப்பதைவிடக் குறைவு. சில்லர் எனப்படும் குளிரூட்டும் கருவி விலை மிகுந்தது. பலரது செலவுக் கணக்கில் அது விடுபட்டுப் போகிறது. மின்வெட்டின்போது காற்று ஊத மின்கலத்தில் ஓடும் சிறு பம்பு ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும்.

தொட்டிக்கு மூடி கட்டாயம். பிளென்னிகள் துள்ளும் மீன்கள். விரட்டப்பட்டால் கண்ணாடிக்கு வெளியே விழும். மின்கம்பி நுழையும் சிறு இடைவெளியே போதும். கண்ணுக்கு அகப்படாத மீன் வழிகுழாய் வழியே வடிகட்டித் தொட்டிக்குள் போய்ச் சேர்ந்திருப்பதும் உண்டு. பாறையைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போதும் கவனம் தேவை. மற்ற மீன்கள் ஓடிவிடும். பிளென்னியோ பொந்துக்குள் இன்னும் ஆழமாக ஒடுங்கி, பாறையோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். எடுத்த பாறையைத் தண்ணீர் நிரம்பிய வாளியில் வைப்பது இதனால்தான்.

உடன் வாழும் மீன்கள்

சிறு உருவத்துக்குப் பொருந்தாத துணிச்சல் இம்மீனுக்கு உண்டு. தன் பொந்தைச் சுற்றியுள்ள இடத்தைத் தனதாகக் கருதி, தன்னைப்போல் உருவமுள்ள பிற பிளென்னிகளையும் சிறு உளுவை மீன்களையும் விரட்டும். சிறிய தொட்டியில் ஒன்றுக்குமேல் வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கொல்லும் வரை ஓயாது. கோமாளி மீன், கார்டினல் மீன், குரோமிஸ் போன்ற நடுநீரில் நீந்தும் மீன்களுடன் சண்டை வருவதில்லை. களவா, சிங்கமீன் ஆகியவை இதை விழுங்கிவிடும். பாசி மேயும் சர்ஜன் மீன்களும் ஏராளமான நத்தைகளும் இருக்கும் தொட்டியில் இதற்கு மேய்ச்சல் மிஞ்சாது.

வாங்கும்போது இனத்தைச் சரிபார்ப்பது அவசியம், ஏனெனில் பிளென்னிக் குடும்பத்தில் வேடதாரிகள் பலர். ஆஸ்பிடோன்டஸ் டேனியேட்டஸ் என்ற பிளென்னி, பிற மீன்களின் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்யும் மீனின் நிறத்தையும் நடனத்தையும் அப்படியே நடிக்கும். நம்பி அருகில் வரும் மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடும். மெயாகாந்தஸ் பேரினத்துப் பிளென்னிகளுக்குக் கீழ்த்தாடையில் நச்சுக் கோரைப்பற்கள் உள்ளன. அந்த நஞ்சில் வலியை மறக்கச் செய்யும் அபின் வகைப் புரதக்கூறு இருப்பது 2017 இல் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது. விழுங்கிய பெரிய மீன் வாயைத் திறந்தபடி திகைத்து நிற்க, பிளென்னி வெளியேறிவிடுகிறது. இருநிறப் பிளென்னியிடம் நஞ்சு இல்லை.

115 லிட்டர் தொட்டிக்கு இடமில்லாதவர்களுக்கு, ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே வளரும் எக்செனியஸ் ஸ்டிக்மட்டூரா என்ற வாற்புள்ளிப் பிளென்னி பொருத்தமானது. "புல்வெட்டி" என்ற பட்டப்பெயருடன் விற்கப்படும் சலாரியஸ் ஃபேசியேட்டஸ் இதைவிடப் பெரியது. அதன் பசியும் பெரியது.

வாங்குதலும் தனித்து வைத்தலும்

கடையில் மீன் உண்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்க வேண்டும். பிலிப்பீன்சிலும் இந்தோனேசியாவிலும் பாறை இடுக்கில் ஒளியும் மீன்களைப் பிடிக்கச் சோடியம் சயனைடு கரைசலைப் பீய்ச்சும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது. பொந்தில் ஒடுங்கும் மீன்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அவ்வாறு பிடிபட்ட மீன் பார்வைக்கு நலமாகத் தோன்றி, சில வாரங்களில் இறக்கலாம். கடைக்கு வந்து இரண்டு வாரமாவது ஆன மீனைத் தேர்வது ஓரளவு பாதுகாப்பு.

நெடுந்தூரம் பையில் வந்த மீனைத் தொட்டி நீருக்குப் பழக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. மூடிய பையில் மீன் வெளிவிடும் கரியமில வாயு நீரின் பி.எச். அளவைக் குறைக்கும். அந்நிலையில் பையில் சேர்ந்த அம்மோனியா, நச்சுத்தன்மை குறைந்த அம்மோனிய வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். உயர, அதே அம்மோனியா நஞ்சாகிவிடுகிறது. ஆகவே திறந்த பையில் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக்கொண்டிருப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும். வெப்பத்தைச் சமப்படுத்தி, தனித்தொட்டியின் உப்பு அளவை முன்கூட்டியே பை நீருக்கு இணையாக வைத்து, விரைவில் மாற்றிவிடுவது மேல்.

தனித்தொட்டியில் 4 முதல் 6 வாரம் வைக்க வேண்டும். கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய் முதன்மைத் தொட்டிக்குள் நுழைந்தால் அதை அகற்றுவது பெரும்பாடு. இதற்கு வழக்கமான மருந்து செம்பு. செதிலற்ற பிளென்னியைச் செம்பு எளிதில் பாதிக்கும் என்பதால், சோதனைக் கருவியால் அளந்து குறைந்த அளவிலிருந்து மெல்ல உயர்த்த வேண்டும். செம்பு கலந்த நீர் பவளம், இறால், நத்தை அனைத்துக்கும் எமன். பாறைகள் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மருந்தே இல்லாத வழியும் உண்டு. இந்த ஒட்டுண்ணி மீனைவிட்டு விழுந்து, உறைக்குள் பெருகி, மீண்டும் வெளிவரக் குறைந்தது மூன்று நாளாகும். அதற்குள் மீனை வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றி, இதையே நான்கு முறை செய்தால் ஒட்டுண்ணி பின்தங்கிவிடும். வேலை அதிகம், ஆனால் பிளென்னிக்கு மிக மென்மையான சிகிச்சை இதுவே. தனித்தொட்டியிலும் ஒளிய ஒரு குழாய்த் துண்டும், மேய நோரித் தாளும் வைக்க வேண்டும்.

சட்டமும் இனப்பெருக்கமும்

தொட்டிக்கான பாறையைக் கடலிலிருந்து எடுக்கலாமா என்ற கேள்விக்கு இந்தியாவில் விடை தெளிவானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் 2001 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. அவற்றைச் சேகரிப்பதும் விற்பதும் குற்றம். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவும் 1986 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக உள்ளது. எனவே சுட்ட பீங்கான் பாறைகளையோ, சிமெண்டில் வார்த்தவற்றையோ பயன்படுத்துவதே முறை. துளைகள் நிறைந்திருந்தால் பிளென்னிக்கு அவற்றில் குறை தெரியாது. பாக்டீரியாவும் பாசிப்படலமும் அவற்றில் ஏறச் சற்றுக் காலம் கூடுதலாகும்.

கடைகளுக்கு வரும் இருநிறப் பிளென்னிகள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சிவந்து உடலில் வெண்பட்டைகள் தோன்றும். பெண், ஆணின் பொந்துக்குள் சென்று சுவரில் ஒட்டும் முட்டைகளை இடும். அதன்பின் காவல் முழுவதும் ஆணுடையது; முட்டைகள் பொரியும் வரை துடுப்பால் விசிறி நீரோட்டம் கொடுத்துக்கொண்டிருக்கும். பெரிய தொட்டிகளில் முட்டையிடுவது நடக்கிறது. பொரிந்த குஞ்சுகளோ மிகச் சிறியவை. அவை திறந்த நீரில் மிதந்து நுண்ணுயிர்களைத் தின்ன வேண்டும். வடிகட்டி அவற்றை உறிஞ்சிவிடும். ரோட்டிஃபர்களைத் தனியாக வளர்த்துக் கொடுத்தால்தான் குஞ்சுகளைக் காப்பாற்ற முடியும். மெயாகாந்தஸ் பேரினத்தின் சில இனங்கள் இவ்வழியில் பண்ணைகளில் பெருக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. பண்ணையில் பிறந்த மீன்கள் குருணை உணவுக்குப் பழகியே கடைக்கு வருவதால், அவற்றை வாங்குவோர்க்கு முதல் மாதத்துப் பட்டினிச் சிக்கல் பெரும்பாலும் நேர்வதில்லை.